கோபியோட அப்பா மீட்டிங்கில் பேசின கதை

உட்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும், சோபாவுல உட்காருங்க. அப்பா இப்ப வந்துடுவார். என் ஸ்கூல் பேன்ட்டைத் தைக்கக் கொடுத்திருந்தோம், டெய்லர் நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சார். இன்னிக்கு அப்பா கடை வாசல்லயே போய் நிக்கறார். திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குது இல்ல? ஃபோன் பண்ணிப் பிரயோஜனம் இல்ல சார், அப்பா எடுக்க மாட்டார். மெசேஜ் போட்டா பதில் வரும். நான் போட்டாச்சு.

அதுவரைக்கும் உங்களுக்கு ஒரு கதை சொல்றேன். வயிறு வலிக்கச் சிரிப்பீங்க, அதுக்கு நான் கியாரண்டி. ஆனா சிரிப்பு கடைசியிலதான் வரும். நடுவுல எங்கயாவது சிரிப்பு வந்தா அது போனஸ்.

நீங்க வாசல்ல நின்னு "தேவசகாயம்"னு சொன்னதுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு சார், பெங்களூர்ல இருக்கற அப்பாவோட மேனேஜர்னு. பள்ளிக்கரணையில கல்யாணம், அப்படியே மேடவாக்கம் வந்து லிங்கத்தை, அதான் எங்கப்பாவை, முதல் தடவையா நேர்ல பார்த்துட்டு, அந்த நல்ல சேதியையும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தீங்க. கிளையன்ட் அடுத்த வாரம் அமெரிக்காவுல இருந்து பெங்களூர் வர்றாங்க, அவங்க முன்னாடி அப்பாதான் ரெண்டு மணி நேரம் நின்னு பேசணும். "உங்கப்பாவோட வாய்தான் தம்பி எங்க டீமுக்கே சொத்து"ன்னீங்க பாருங்க, எனக்கு அப்படியே... சந்தோஷம் சார். வேர்க்கறது சந்தோஷத்துல. ஃபேனைக் கொஞ்சம் கூட்டறேன்.

என் குரலா? சளி சார். அதான் கீச்சுகீச்சுன்னு இருக்கு. மத்தபடி நல்ல குரல்தான்.

சரி, கதைக்கு வர்றேன். எனக்கு ஒரு ஃப்ரெண்டு. நிஜப் பேரு வேண்டாம், கோபின்னு வெச்சுக்கோங்க. பதினொண்ணாவது முடிச்சிருக்கான். அவனுக்கு ஒரு வியாதி உண்டு, யார் பேசினாலும் அதே மாதிரி பேசிக் காட்டணும். அவங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி இன்டர்காம்ல பேசி, "உங்க வண்டியை மாடு முட்டுது"ன்னு செகரட்டரியை லுங்கியோட கீழ இறக்கிட்டான். கெமிஸ்ட்ரி மிஸ் குரல்ல கிளாஸ் லீடருக்கு ஃபோன் பண்ணி, நாளைக்கு எல்லாரும் ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொண்டு வரணும்னு சொல்லிட்டான். நாப்பத்திரண்டு எலுமிச்சம்பழம் சார், மேஜை மேல! மிஸ் பயந்துட்டாங்க, யாரோ சூனியம் வெச்சுட்டாங்கன்னு.

பார்த்தீங்களா, சிரிச்சுட்டீங்க. இது போனஸ்தான்.

கோபியோட அப்பாவும் உங்களை மாதிரி ஐ.டி. தான். வீட்டுல இருந்தே வேலை. அதனால கோபி அவங்க பாஷையை வெச்சு ஒரு ஆராய்ச்சியே பண்ணியிருக்கான். "முடியப் போகுது"ன்னா இன்னும் ஆரம்பிக்கலைன்னு அர்த்தம். "பார்த்துட்டிருக்கேன்"னா அந்த மெயிலைத் திறக்கவே இல்ல. "இதைத் தனியாப் பேசிக்கலாம்"னா இந்த ஜென்மத்துல பேசப் போறதில்ல. தினம் காலையில பத்து மணிக்கு ஸ்டாண்டப் மீட்டிங்னு ஒண்ணு, பேருதான் நிக்கற மீட்டிங், எல்லாரும் உட்கார்ந்துட்டுத்தான் இருப்பாங்க. ஒருத்தர் படுத்துட்டே பேசுவார், கோபி சத்தியம் பண்றான், தலையணை உறை சரசரக்கற சத்தம் கேக்குமாம். கேமராவை எல்லாரும் அணைச்சுடுவாங்க. வெறும் குரல்தான். நேத்து என்ன பண்ணினேன், இன்னிக்கு என்ன பண்ணப் போறேன், எங்க மாட்டிட்டு நிக்கறேன். இந்த மூணையும் ஆளாளுக்குச் சொல்லணும்.

கோபியோட அப்பா எப்பவும் முதல் வார்த்தையிலயே மாட்டிட்டு நிப்பார் சார்.

புரியலையா? திக்குவாய் சார் அவருக்கு. சின்ன வயசுல இருந்தே. கம்ப்யூட்டர்ல கை வெச்சா புலி. எவன் எழுதின ப்ரோக்ராம் எங்க உடைஞ்சு கிடந்தாலும் அவர்கிட்டதான் வரும். ஆனா வாயைத் திறந்தா முதல் எழுத்துல நின்னுடும். ஹோட்டலுக்குப் போனா இட்லிதான் சொல்வார். கோபி ரொம்ப நாளா அப்பாவுக்கு இட்லின்னா உயிர்னு நினைச்சுட்டிருந்தான். அப்புறம் அவங்க அம்மாதான் சொன்னாங்க, "அவருக்கு மசால் தோசைதான்டா பிடிக்கும், ஆனா ‘ம’ வராது, ‘இ’ வந்துடும்"னு. யோசிச்சுப் பாருங்க சார். நாப்பத்தேழு வயசு வரைக்கும் வாய்க்கு வந்ததைச் சாப்பிட்டிருக்கார், வாய்க்குப் பிடிச்சதை இல்ல.

இல்ல சார், இது சிரிப்பு இல்ல. சிரிப்பு இன்னும் வரல.

முன்னாடி இருந்த டீம்ல பிரச்சினையே இல்ல. அவர் எழுதி அனுப்புவார், அவங்க படிச்சுப்பாங்க. மார்ச்ல ஆளுங்களைக் கலைச்சுப் போட்டாங்க. புது டீம், எல்லாரும் புது ஆளுங்க, ஆளுக்கொரு ஊர்ல. புது மேனேஜர் வேற. அவர் முதல் நாளே ஒரு சட்டம் போட்டார். (அவர் குரல்ல பேசிக் காட்டட்டுமா? வேண்டாம்.) "எழுதற கதை எல்லாம் இங்க கிடையாது. எனக்கு ஒவ்வொருத்தர் குரலும் கேக்கணும். பேசத் தெரியாதவன் இந்தக் காலத்துல டீமுக்குச் சுமை"ன்னார்.

கோபியோட அப்பா என்ன பண்ணினார்? மைக் ரிப்பேர்னு டைப் அடிச்சார். முதல் நாள் மைக் ரிப்பேர். ரெண்டாம் நாளும் மைக் ரிப்பேர். அந்த மேனேஜர் ரொம்ப அக்கறையானவர் சார், கம்பெனிக் காசுல புதுசா ஒரு ஹெட்செட்டை கூரியர்ல அனுப்பி வெச்சுட்டார்!

அப்படியா சார்? நீங்களும் அப்பாவுக்கு ஹெட்செட் அனுப்பினீங்களா? எல்லா மேனேஜரும் ஒரே மாதிரி யோசிப்பாங்க போல. காபி ஆறுது, குடிங்க.

அந்தப் பார்சலைப் பிரிக்காமயே அப்பா... கோபியோட அப்பா, அதை முறைச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாராம். அந்த வயசுல ஐ.டி.யில வேலை போனா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. வெளிய போனா இன்டர்வியூ. இன்டர்வியூன்னா பேசணும். மறுநாள் மீட்டிங், அவர் முறை வருது. "லி..." கோபியோட அப்பா பேர் லிவிங்ஸ்டன் சார். "லிவிங்ஸ்டன், உங்க அப்டேட்"னு கூப்பிடறாங்க. இவர் வாயைத் திறக்கறார், உதடு துடிக்குது, கழுத்து நரம்பு புடைக்குது, சத்தம் வரல. பக்கத்துல கோபி பிரெட் தின்னுட்டிருந்தான். அப்பா தலையில இருந்து ஹெட்செட்டைக் கழட்டித் தன் தலையில மாட்டினான், "குட்மார்னிங் டீம்"னு ஆரம்பிச்சான்.

குரல் உடைஞ்சதுல இருந்து கோபிக்கும் அவங்கப்பாவுக்கும் ஒரே குரல். ஊர்ல இருந்து ஃபோன் பண்ற அத்தைங்களே ஏமாந்துடுவாங்க. ஒரே ஒரு வித்தியாசம், இவன் குரல் நிக்காது.

திரையில அப்பா எழுதி வெச்சிருந்ததை அப்படியே படிச்சான். முடிச்சதும் மேனேஜர், "வெரி கிளியர்"னு சொன்னார். அப்பாவும் பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துட்டாங்க. அவங்கப்பா துண்டை எடுத்து வாய்ல அடைச்சுட்டுச் சிரிச்சார் பாருங்க. தோள் குலுங்குது, கண்ணுல தண்ணி. கோபி வாழ்க்கையில பண்ணின குறும்புலயே பெஸ்ட் அதுதான்னு நினைச்சான்.

ஒரு நாளோட போச்சா? லீவு விட்டுட்டாங்க இல்ல, கோபிக்கு வேற வேலை என்ன? தினமும் பத்து மணிக்குத் தலையைச் சீவிட்டு வந்து உட்கார்ந்துடுவான், கேமரா இல்லைன்னாலும். அவங்கப்பா நாலு வரி எழுதி வைப்பார்: "லாகின் பக்கம் சரி செய்தாகிவிட்டது. இன்று சோதனை." கோபி மசாலா சேர்ப்பான். "லாகின் பக்கம் மூணு நாளா என்னோட கோவிச்சுட்டு இருந்தது, நேத்து சமாதானம் ஆயிடுச்சு. இன்னிக்கு டெஸ்ட்டிங் மாமியார்கிட்ட அனுப்பறேன், அவங்க என்ன குறை சொல்லப் போறாங்களோ." டீமே விழுந்து விழுந்து சிரிக்கும். டெஸ்ட்டிங் பண்ற ரேவதி மேடம்... பேர் மாத்திச் சொல்றேன் சார், அவங்க பேர் வேற... அந்த மேடமே சிரிச்சாங்க.

உங்க டீம்லயும் ரேவதின்னு ஒருத்தங்க இருக்காங்களா? ரொம்ப காமனான பேராச்சே சார்.

மேனேஜருக்குத் தலைகால் புரியல. வாரா வாரம் எல்லாரும் சேர்ந்து அரட்டை அடிக்கறதுக்கு ஒரு மீட்டிங் புதுசாப் போட்டார், அதை நடத்தறது யாரு? கோபியோட அப்பா. அதாவது கோபி. பதினாறு வயசுப் பையன், ஐ.டி. கம்பெனியில பதினெட்டுப் பேரை வெச்சு மீட்டிங் நடத்தியிருக்கான் சார், அரை டிராயரோட!

சிரிங்க சிரிங்க. என்ன சொன்னீங்க? "அந்த மேனேஜர் சரியான மக்கு"? ஐயையோ, அப்படி எல்லாம் சொல்லாதீங்க சார். நல்ல மனுஷன்தான். குரலைக் கேட்டா ஆள் தெரிஞ்சுடும்னு நம்பறவர்.

அந்த மசாலாவுல ஒரு சின்னச் சிக்கல். மேனேஜர், "இதை யார் எடுத்துக்கறா?"ன்னு கேட்டா, எல்லாரும் மியூட்ல இருப்பாங்க. ஐ.டி.யில மியூட் பட்டன் கண்டுபிடிச்சதே அதுக்குத்தான் போல. கோபிக்கு மௌனம் தாங்காது சார். "நான் இருக்கேன்ல"ன்னுடுவான். அவனுக்கு அது வெறும் வசனம். அவங்கப்பாவுக்கு அது ராத்திரி வேலை. ஆனா அவர் ஒரு தடவை கூட ஏண்டா சொன்னேன்னு கேக்கல. கேக்கணும்னா பேசணும் இல்ல?

துண்டை வாய்ல வெச்சுச் சிரிக்கறதையும் எப்பவோ நிறுத்திட்டார். எப்ப நிறுத்தினார்னு கோபி கவனிக்கல. ஒரு நாள் மீட்டிங் முடிஞ்சதும், "நீ... நீ... நீ நல்லாப் பேசறடா"ன்னார். கோபிக்கு ஜிவ்வுன்னு ஏறிடுச்சு. பாராட்டுன்னு எடுத்துக்கிட்டான். பாராட்டுதானே சார்? இல்லையா? நீங்க ஏன் தலையை ஆட்டறீங்க?

எங்க விட்டேன்? ஆங், சிரிப்பு. இதோ வந்துடுச்சு சார், கிட்ட வந்துடுச்சு.

ஒரு புதன்கிழமை டீம்ல ஒரு புதுப் பையன் சேர்ந்தான். காலேஜ் முடிச்சு முதல் வேலை. அவனை அறிமுகப்படுத்திக்கச் சொன்னாங்க. அவன் பேரைச் சொல்லப் போறான், முதல் எழுத்துல நின்னுட்டான்.

ஆமா சார். அவனுக்கும்.

அந்தப் பையன் மூச்சு விடற சத்தம் மட்டும் ஹெட்செட்ல கேக்குது. மறுபடியும் அந்த எழுத்து. மறுபடியும் அதே எழுத்து. கோபிக்குப் பழக்கமான சத்தம்தான் அது. பிறந்ததுல இருந்து வீட்டுல கேக்கற சத்தம். ஆனா கோபி யாரு? யார் பேசினாலும் பேசிக் காட்டற வியாதிக்காரன். தலையில ஹெட்செட் மாட்டிட்டா அவனுக்கு முன்னாடி இருக்கறதெல்லாம் ஆடியன்ஸ்தான். வாய் தானாத் திறந்துடுச்சு. அந்தப் பையன் மாதிரியே, அதே எழுத்துல, அதே மாதிரி நின்னு நின்னு, ஒரு வார்த்தையைச் சொன்னான். அவங்கப்பாவோட குரல்ல.

எல்லாரும் சிரிச்சாங்க. சும்மா சிரிப்பு இல்ல சார், மைக் கிழியற மாதிரி.

கோபிக்கு அந்த ஒரு நொடி ரொம்பப் பெருமையா இருந்துச்சு. திரும்பி அப்பாவைப் பார்த்தான், துண்டை எடுத்திருப்பார்னு.

அவர் கோபியைப் பார்க்கல. திரையில அந்தப் புதுப் பையன் பேரு ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள இருந்துச்சு, அதைப் பார்த்துட்டிருந்தார். கை நீட்டி மியூட்டை அழுத்தினார். அடிக்கல. திட்டல. ஹெட்செட்டை மெதுவா, முடி சிக்கிக்காம, கோபி தலையில இருந்து கழட்டினார். இவ்வளவுதான் பண்ணினார். அடிச்சிருக்கலாம் சார். நான் சொல்றேன், அடிச்சிருந்தா கோபி பிழைச்சிருப்பான்.

மத்தியானம் அவர் ஃபோனை எடுத்துட்டு உள் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். அவரா யாருக்கும் ஃபோன் பண்ணி நான் பார்த்ததில்ல, கோபி பார்த்ததில்ல. காஸ் புக் பண்றது, பிளம்பரைக் கூப்பிடறது எல்லாம் கோபிதான். கதவுல காதை வெச்சுக் கேட்டான். அந்தப் புதுப் பையனுக்குத்தான் பண்ணியிருக்கார். "அ... அ... அது நான் இல்ல த... தம்பி. ஆனா த... தப்பு என்னோடது"ன்னார். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல போல. இவர் காத்திருந்தார். அப்புறம் "ம்"னார். மறுபடி காத்திருந்தார். ரெண்டு பேரும் ஒருத்தர் வாக்கியத்தை இன்னொருத்தர் முடிச்சுக் கொடுக்கவே இல்ல சார். கோபி பொறந்ததுல இருந்து அவங்கப்பா வாக்கியத்தை எல்லாம் அவன்தான் முடிச்சு வெச்சிருக்கான். உதவின்னு நினைச்சு. "அப்பா தண்ணி கேக்கறார்", "அப்பா கிளம்பலாம்ங்கறார்". அவர் வேற ஏதாவது கேக்க வந்திருப்பாரோ என்னவோ. எத்தனை தடவை தாகமே இல்லாம தண்ணி குடிச்சாரோ.

உள்ள அவர் சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. துண்டு இல்லாம, வாய் விட்டு. கோபிக்கு அந்தச் சிரிப்பைப் பேசிக் காட்ட வராது சார். முயற்சி பண்ணிப் பார்த்தான், வரல.

அந்த வாரம் மீதி நாளுக்கு லீவுன்னு மெயில் போட்டுட்டு, அன்னிக்கு ராத்திரி சாப்பிடறப்ப கோபிகிட்ட சொன்னார், "தி... திங்கட்கிழமையில இருந்து நா... நானே பேசிக்கறேன்"னு. சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆச்சு. கோபி முதல் தடவையா வாயை மூடிட்டுக் கேட்டான். திங்கட்கிழமை அந்த மேனேஜர் நிஜக் குரலைக் கேப்பார். "யாருய்யா நீ?"ன்னு கேப்பார். பேசத் தெரியாதவன் சுமைன்னு சொன்னவராச்சே. இத்தனை நாள் ஏமாத்தினது வேற. வேலையை விட்டு அனுப்புவாங்க, சரி. அதை விடுங்க. பதினெட்டுப் பேர் மறுபடி சிரிச்சா? இவர் முதல் எழுத்துல நிக்கறப்ப, கோபி பண்ணின அந்த மிமிக்ரியைத்தான் இவர் மறுபடி பண்றார்னு நினைச்சு எல்லாரும் சிரிப்பாங்களே சார்! ஜோக்குன்னு நினைச்சு! அவர் சீரியஸாப் பேசறார்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? யாராவது ஒருத்தர் முன்கூட்டியே சொன்னாத்தானே?

அழல சார். சளி. சொன்னேன்ல.

குரல் மாறிடுச்சா? அப்பா குரல் மாதிரி இருக்கா? ஆமா சார், எல்லாரும் சொல்வாங்க.

என்ன கேட்டீங்க? அந்தப் புதுப் பையனைக் கிண்டல் பண்ணினப்ப மேனேஜர் எதுவும் கண்டிக்கலையான்னா? இல்ல சார். கண்டிக்கல. முதல்ல சிரிச்சதே அவர்தான். அவர் சிரிச்சதாலதான் மத்தவங்களுக்கும் தைரியம் வந்துச்சு. சிரிச்சு முடிச்சிட்டு, "சரி சரி, அடுத்தவர்"னார். அந்தப் பையன் தன் பேரைக் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.

"சீ, அவனெல்லாம் ஒரு மனுஷனா"ன்னா சார் சொன்னீங்க?

அப்படிச் சொல்லாதீங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. அவருக்குத் தெரியாது இல்ல. நிஜமா நல்லவர் சார், கல்யாணத்துக்கு வந்த இடத்துல கூட... இல்ல, ஒண்ணும் இல்ல.

அந்த ஜோக்கா? அது வேண்டாம் சார். ஆமா, கியாரண்டி கொடுத்தேன்தான். கடைசியில வரும்னு நான்தான் சொன்னேன். ஆனா வாய்க்கு வரமாட்டேங்குது. கோபிக்கு வந்துச்சு, எனக்கு வரல.

நான் சொல்ல மாட்டேன் சார். சொன்னா நீங்க சிரிச்சுடுவீங்க.

"நான் ஏன் சிரிக்கப் போறேன்"ங்கறீங்க.

புதன்கிழமை சிரிச்சீங்களே சார்.

...

ஆமா சார். அந்தப் புதுப் பையன் முகுந்தன்தான்.